விளிம்புக்கு அப்பால் பத்தில் ஒரு விநாடி

கைப்பேசியில் ஆடும் ஒரு சாதாரண பிளாட்ஃபார்ம் கேமைக் கோடிங் எழுதாமலேயே செய்துவிடலாம். ஓட வேண்டும், குதிக்க வேண்டும், பள்ளத்தில் விழாமல் அடுத்த மேட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் கேம். கன்ஸ்ட்ரக்ட் 3, ஜிடெவலப் மாதிரியான கருவிகள் இதற்கென்றே இருக்கின்றன. பிரவுசரைத் திறந்து ஒரு பையனின் படத்தை இழுத்துப் போட்டு, அவனுக்கு 'பிளாட்ஃபார்ம்' என்ற நடத்தையைக் கொடுத்தால் ஓடுகிறான், குதிக்கிறான். ஒரு கட்டத்தை இழுத்துப் போட்டு அதற்கு 'சாலிட்' என்ற நடத்தையைக் கொடுத்தால் அதன்மேல் நிற்கிறான். முதல் குதிப்பைப் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகாது.

நான் மின்னணுப் பொறியியல் படித்தவன். பல்கலைக்கழகத்தில் சி மொழியைத் தேர்வுக்காகப் படித்து, தேர்வு முடிந்த கையோடு மறந்துபோன கூட்டத்தைச் சேர்ந்தவன். பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்த இரவுகளில் கன்ஸ்ட்ரக்ட் 3-இல் ஒரு கேம் செய்தேன். பள்ளி விட்டு வீட்டுக்குப் போகும் சிறுவன் ஒருவன் மழைக்காலத்து லொங்காங்குகளைத் தாண்டித் தாண்டிப் போகிறான். மொத்தம் 12 லெவல். கதை என்று சொல்ல வேறெதுவும் இல்லை.

எப்படிச் செய்வது என்று சொல்லித்தரும் காணொளிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி. கோடிங்கை எடுத்துவிட்டால், கேம் செய்கிறவனின் வேலையில் என்னதான் மிஞ்சுகிறது? கற்பனை மிஞ்சுகிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். என் அனுபவத்தில் மிஞ்சியவை சில எண் பெட்டிகள். அந்தப் பெட்டிகள் எல்லாமே திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைத்தான் கேட்டன: விளையாடுகிறவரிடம் நீ எவ்வளவு உண்மையாக இருக்கப் போகிறாய்?

பிளாட்ஃபார்ம் நடத்தையைச் சேர்த்ததும் பெட்டிகளில் சில எண்கள் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். அதிகபட்ச வேகம் 330. குதிப்பு வலு 650. ஈர்ப்பு 1500. எல்லாம் பிக்சல் கணக்கு. படித்த படிப்பு சும்மா விடுமா, காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். என் பையன் 64 பிக்சல் உயரம். அவனை எட்டு வயதுச் சிறுவன், 1.28 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 50 பிக்சல் ஒரு மீட்டர். அப்படியானால் அவன் உலகின் ஈர்ப்பு முடுக்கம் 30. பூமியில் அது 9.8, வியாழன் கிரகத்தில் ஏறக்குறைய 25. வியாழனைவிடக் கனமான ஓர் உலகத்தில், புத்தகப்பை மாட்டிய சிறுவன் 2.8 மீட்டர் உயரம் எழும்புகிறான். மனிதர் தாண்டிய அதிகபட்ச உயரம் 2.45 மீட்டர். கியூபாவின் ஹாவியர் சோட்டோமாயோர் 1993-இல் தாண்டியது, இன்னும் யாரும் அதை முறியடிக்கவில்லை.

ஈர்ப்பைப் பூமிக்குச் சமமாக மாற்றிப் பார்த்தேன். பையன் பலூன் மாதிரி மிதந்தான். குதிப்பு வலுவை மனித அளவுக்குக் குறைத்தால், அவனால் ஒரு படிக்கட்டுகூட ஏற முடியவில்லை. உண்மையான எண்கள் பொய்யாகத் தெரிந்தன, பொய்யான எண்கள் நிஜமான குதிப்பாகத் தெரிந்தன. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1981-இல் வந்த டாங்கி காங்கில் குதித்துவிட்டால் குதித்ததுதான், காற்றில் திசையை மாற்ற முடியாது. 1985-இல் அதே மியாமோட்டோ செய்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் அந்தரத்தில் இருக்கும்போதே மாரியோவை இடமும் வலமும் திருப்பலாம். எந்த இயற்பியலிலும் இதற்கு இடமில்லை. இதைப் பொய் என்று யாரும் புகார் சொன்னதும் இல்லை.

ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிற பொய். தெருக்கூத்தில் ஒருவர் களத்தை ஒரு சுற்று சுற்றி வந்தால் நாடு கடந்து போய்விட்டார் என்று பொருள். பார்க்கிறவர் யாரும் ஏமாறவில்லை. அவர் அந்தச் சுற்றைப் பார்க்கிறார், பயணம் என்று ஏற்றுக்கொள்கிறார். ஆடுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் இடையில் உள்ள ஒப்பந்தம் அது. வியாழனை மிஞ்சும் ஈர்ப்பும் அப்படித்தான். முதல் குதிப்பிலேயே கேம் தன் விதியைக் காட்டிவிடுகிறது. விளையாடுகிறவர் விரலால் கையெழுத்துப் போடுகிறார்.

சிக்கல் தொடங்கியது கண்ணுக்குத் தெரியாத பொய்யில்.

அக்கா மகன் நாலாம் ஆண்டு படிக்கிறான். என் கேமின் முதல் ரசிகனும் முதல் வாடிக்கையாளர் புகாரும் அவன்தான். மூன்றாம் லெவலின் அகலமான லொங்காங்கில் விழுந்துகொண்டே இருந்தான். ஒவ்வொரு முறையும் ஒரே வாதம். "மாமா, நான் அமுக்கிட்டேன். அதுதான் கேக்கல." இல்லை, லேட்டாக அமுக்குகிறாய் என்றேன். இல்லவே இல்லை என்றான். பொறியாளன் புத்தி, அளந்துவிடுவோம் என்று திரையின் மூலையில் ஓர் எண் தெரியும்படி செய்தேன். கால் விளிம்பை விட்ட கணத்துக்கும் விரல் பொத்தானைத் தொட்ட கணத்துக்கும் உள்ள இடைவெளி. 0.06, 0.04, 0.08. கடிகாரம் என் பக்கம்தான் இருந்தது. அவன் ஒவ்வொரு முறையும் விளிம்பைத் தாண்டிய பிறகே அமுக்கியிருக்கிறான்.

ஆனால் அவனும் பொய் சொல்லவில்லை. விளிம்பில் இருக்கும்போதே அமுக்கியதாகத்தான் அவன் கண்ணும் விரலும் அவனிடம் சொல்லின.

கேம் செய்கிறவர்களுக்கு இது பழைய பிரச்சினை. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் மருந்துக்குக் 'கயோட்டி டைம்' என்று பெயர். ரோட் ரன்னர் கார்ட்டூனில் வரும் அந்த ஓநாய் மாதிரியான பிராணி மலை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், கீழே குனிந்து பார்த்த பிறகுதான் விழும். அதிலிருந்து வந்த பெயர். விளிம்பைத் தாண்டிய பிறகும் மிகச் சிறிய நேரத்துக்கு, கால் இன்னும் தரையில் இருப்பதாகவே கேம் கருதும். அதற்குள் அமுக்கினால் குதிக்கலாம். 2018-இல் வந்த செலெஸ்ட் மிகக் கடினமான கேம் என்று பெயரெடுத்தது. அதற்குள்ளும் இப்படிப் பத்தில் ஒரு விநாடி ஒளிந்திருக்கிறது. அதை உருவாக்கிய மேடி தோர்சன், இதைப் போன்ற ஒளித்துவைத்த சலுகைகள் என்னென்ன என்று பின்னர் பகிரங்கமாகவே பட்டியலிட்டார். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அமுக்கிவிட்டால், அதை நினைவில் வைத்திருந்து தொட்டதும் குதிக்கவிடுவது அதில் இன்னொன்று.

நானும் அதைச் சேர்த்தேன். கோடிங் இல்லாத கருவியில் இது ஏறக்குறைய ஒரு தமிழ் வாக்கியம். பையன் தரையில் நிற்கும்போதெல்லாம் நேரத்தைக் குறித்து வை. பொத்தான் தொடப்படும்போது அவன் விழுந்துகொண்டிருந்து, குறித்த நேரத்திலிருந்து 0.1 விநாடி தாண்டாமலும் இருந்தால், மேல்நோக்கி 650 வேகம் கொடு. இடது பக்கம் நிபந்தனை, வலது பக்கம் செயல். முடிந்தது.

அந்த 0.1 விநாடியில் பையன் 33 பிக்சல் தூரம் ஓடியிருப்பான், அதாவது தன் உயரத்தில் பாதி. ஏழரைப் பிக்சல் கீழேயும் இறங்கியிருப்பான். சுத்தமாகக் காற்றில் நிற்கும் ஒருவன் காற்றை உதைத்து எழும்புகிறான், திரையைப் பார்க்கும் யாருக்கும் அது தெரிவதில்லை. அக்கா மகன் மூன்றாம் லெவலைத் தாண்டினான். "பாத்தியா, இப்ப நல்லா வேலை செய்யுது" என்றான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. காணொளிகளில் சிலர் இந்த அவகாசத்தை 'ஆறு ஃபிரேம்' என்று எண்ணச் சொல்வார்கள். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கைப்பேசியில் ஆறு ஃபிரேம் என்றால் 0.1 விநாடி. திக்கித் திணறி 30 ஃபிரேம் ஓடும் பழைய கைப்பேசியில் அதுவே 0.2 விநாடி. விலை உயர்ந்த 120 ஃபிரேம் கைப்பேசியில் வெறும் 0.05. ஆளுக்குத் தரும் அவகாசத்தை அவர் வாங்கிய போன் தீர்மானிக்கிறது. விநாடியில் எண்ணினால் இந்தத் தொல்லை இல்லை. சலுகையை இயந்திரத்தின் நேரத்தில் அளக்காமல் மனிதரின் நேரத்தில் அளக்க வேண்டும் என்பது நான் கற்ற முதல் பாடம். தொழிற்சாலைக்கும் இது பொருந்தும் என்று தோன்றுகிறது.

என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். மதியச் சாப்பாட்டில் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அப்ப அவன் தாண்டலையே. தாண்டினதா நீ சொல்லிக் குடுக்கிற" என்றார். "தப்பா அமுக்கினத சரியா அமுக்கினதா நம்பிக்கிட்டு வளர்வான். நாளைக்கு நிஜ லொங்காங்க இப்படித் தாண்டுவானா?"

இந்த எதிர்ப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நம் பள்ளி நிகழ்ச்சிகளில் கலந்துகொண்ட அத்தனை பேருக்கும் ஹேம்பர் கொடுத்து அனுப்புவதைப் பார்த்திருக்கிறோம். குழந்தை சந்தோஷமாகப் போகிறது. ஆனால் உண்மையில் யார் நன்றாகப் பேசினார்கள் என்பது அந்தக் குழந்தைக்குக் கடைசிவரை தெரியாமல் போகிறது. தோல்வி ஒரு தகவல். அதை ஒருவரிடமிருந்து மறைப்பது, அவருக்குச் சேர வேண்டியதை நாம் வைத்துக்கொள்வதற்குச் சமம். கருணை என்ற பெயரில் செய்தாலும் அது அப்படித்தான்.

யோசித்துவிட்டு அவருக்கு அவர் தொழிலிலிருந்தே பதில் சொன்னேன். வரைபடத்தில் ஒரு தண்டின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால் அதன் பக்கத்தில் கூட்டல் கழித்தல் 0.05 என்றும் போட்டிருக்கும். 20.03 வந்தால் அவர் ஏற்றுக்கொள்கிறார். பொய் சொல்கிறாரா? இல்லை. எந்தக் கருவியாலும் எந்தக் கையாலும் துல்லியமாக 20-ஐத் தொட முடியாது என்ற உண்மையை அந்த 0.05 ஒப்புக்கொள்கிறது. என் 0.1-உம் அதுதான். கைப்பேசித் திரை ஒரு கண்ணாடி. அதில் வரைந்த பொத்தானுக்கு மேடும் இல்லை, விளிம்பும் இல்லை. கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரியாது. நிண்டெண்டோவே 2016-இல் மாரியோவைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தபோது அவனைத் தானாக ஓடவிட்டு, தட்டினால் குதிப்பது என்ற ஒன்றை மட்டும் விளையாடுகிறவர் கையில் கொடுத்தது. என் கேம் சோதிப்பது பள்ளத்தின் அகலத்தை அவன் சரியாகக் கணித்தானா என்பதை. கண்ணாடியோடு அவன் மல்லுக்கட்டுவதை நான் ஏன் அவன் கணக்கில் எழுத வேண்டும்?

நண்பர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "எங்க டாலரன்ஸ் டிராயிங்ல எழுதியிருக்கும். உன்னோடது எங்க எழுதியிருக்கு?"

அன்று இரவு அக்கா மகனிடம் உண்மையைச் சொன்னேன். நீ விளிம்பைத் தாண்டிய பிறகும் கேம் உனக்காகக் கொஞ்சம் காத்திருக்கிறது, அதனால்தான் தாண்ட முடிகிறது என்று எண்களோடு காட்டினேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். முகம் சுருங்கிவிட்டது. "எனக்குத் தெரியாமலே ஹெல்ப் பண்ணியா?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அத ஆஃப் பண்ணு மாமா."

ஆஃப் பண்ணிக் கொடுத்தேன். மூன்றாம் லெவலில் திரும்பவும் விழ ஆரம்பித்தான். அக்கா, "பாவம்டா, போட்டு விட்டுடு" என்றாள். அவன் விடவில்லை. பல நாள் அந்த ஒரே லொங்காங்கில் கிடந்தான். பிறகு ஒரு நாள் தாண்டினான். அவகாசத்தை வேண்டும் என்று அவன் திரும்பக் கேட்கவே இல்லை.

அவனுடைய அந்தக் கோபத்தை இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவனுக்கு உதவி பிடிக்காமல் இல்லை. தன்னைக் கேட்காமல் தன் தோல்வியின் அளவை இன்னொருவர் திருத்தி எழுதியதுதான் பிடிக்கவில்லை. அதே செலெஸ்டில் 'அசிஸ்ட் மோட்' என்று ஒன்று இருக்கிறது. கேமின் வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலே விளையாடலாம். எல்லாம் விளையாடுகிறவரே வெளிப்படையாகத் தேர்ந்துகொள்வது. ஒளித்துவைத்த கருணை ஒரு வகை, மேசைமேல் வைத்த கருணை இன்னொரு வகை. இரண்டாவதில்தான் எதிரே இருப்பவர் வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு இருக்கிறார். நானும் அமைப்புப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன். 'விளிம்பு அவகாசம்: இல்லை / 0.1 விநாடி.' நண்பர் கேட்ட டிராயிங் இதுதான்.

மூன்றாவது தேர்வு ஒன்றைச் சேர்க்க வைத்தவர் என் அத்தை. கூகள் பிளே ஸ்டோரில் தனிநபர் கணக்கில் ஆப் வெளியிடுவதற்கு 25 டாலர் கட்டினால் மட்டும் போதாது. இப்போது புதிய கணக்குகளுக்கு 12 பேர் தொடர்ந்து 14 நாள் அதைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். பன்னிரண்டு பேருக்கு நான் எங்கே போவேன்? குடும்ப வாட்ஸ்அப் குழுதான். சுங்கை பட்டாணியில் இருக்கும் அத்தைக்கு அறுபதை நெருங்கும் வயது. அவருக்கு 0.1 விநாடி ஒரு மூலைக்கும் போதவில்லை. அந்த எண் இருபது சொச்சம் வயதுக் கட்டைவிரல் ஒன்றின் எண், என்னுடையது. அவருக்காக 0.25 என்று போட்டுக் கொடுத்தேன். கணக்குப்படி பையன் விளிம்பைத் தாண்டி 82 பிக்சல் போகிறான், 47 பிக்சல் கீழே இறங்குகிறான், பிறகு எழும்புகிறான். இது எல்லார் கண்ணுக்கும் தெரியும். அத்தைக்கும் தெரிந்தது. போன் போட்டுச் சிரித்தார். "ஏன்டா, விழுந்தவன் காத்துல காலை ஊனி எழும்பி வர்றான். என்னடா மாயம் இது?"

நீட்டி வைத்ததும் அந்தப் பொய் கூத்துக் களத்துக்கு வந்துவிட்டது. அவரும் அதை ஏற்றுக்கொண்டு பன்னிரண்டு லெவலையும் முடித்தார்.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல பொய்களின் கதை. என்னோடு படித்த ஒருவன் விளம்பரத்தில் ஓடும் சின்னச் சின்ன ஆப்கள் செய்து சம்பாதிக்கிறான். என் கேமை ஆடிப் பார்த்தவன் நல்ல மனசோடு ஒரு யோசனை சொன்னான். முதல் ஐந்து லெவலுக்கு அவகாசத்தை 0.15 ஆக்கு, எல்லாரும் தான் கெட்டிக்காரன் என்று நம்பட்டும். ஆறாவது லெவலில் சொல்லாமல் 0.02-க்கு இறக்கிவிடு. மயிரிழையில் விழுவார்கள். மயிரிழையில் விழுந்தவன் போனைக் கீழே வைக்க மாட்டான். அந்த நேரத்தில், முப்பது விநாடி விளம்பரம் பார்த்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று கேள். "பார்ப்பான்டா, கண்டிப்பா பார்ப்பான். அவனுக்கும் ஓசியில கேம். யாருக்கு நஷ்டம்?"

அவன் சொன்னது வேலை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கட்டி முடிக்காத பிடிபிடிஎன் கடன் எனக்கும் இருக்கிறது. பரிசு விளம்பரத்தைச் சேர்ப்பதற்கும் கோடிங் தேவையில்லை. கருவியின் பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டால் வந்துவிடும். என் மன்னிப்பும் அவன் பொறியும் ஒரே பெட்டியில் ஒரே எண்ணாக இருந்ததுதான் என்னை உலுக்கியது. தொழில்நுட்பத்தில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் இல்லை.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? வாய்மையைப் பற்றிய அதிகாரத்திலேயே வள்ளுவர் பொய்க்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார் என்பது தமிழ்ப்பள்ளி மாணவருக்கும் தெரியும். விளையும் நன்மையில் பழுது இருக்கக்கூடாது என்பது அவர் போடும் நிபந்தனை. ஆனால் பொய் சொல்கிறவனே நீதிபதியாகவும் உட்கார்ந்துகொண்டால் இந்த நிபந்தனை வளைந்துவிடும். என் நண்பன்கூட 'அவனுக்கும் நல்லதுதானே' என்றுதான் சொன்னான், அதை நம்பித்தான் சொன்னான். அதனால் நிபந்தனையைச் சோதிப்பதற்கு வெளியிலிருந்து ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் விளையாடுகிறவர்தான். இந்த எண்ணை அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? '0.1 விநாடி உனக்காகக் காத்திருக்கிறேன்' என்று அக்கா மகனிடம் சொன்னேன். கோபப்பட்டான், ஆனாலும் கேமை விடவில்லை. 'ஆறாம் லெவலில் உன் அவகாசத்தைத் திருடி முப்பது விநாடி விளம்பரமாக விற்கிறேன்' என்று சொல்லிப் பார்க்கட்டும். சொன்ன கணத்தில் அந்தத் தந்திரம் செத்துவிடும். சொன்னாலும் பிழைத்திருக்கும் பொய்யை ஓர் ஏற்பாடு என்று அழைக்கலாம். சொன்னால் செத்துப்போகும் பொய்தான் ஏமாற்று.

இங்கே ஃபிளாப்பி பேர்டை நினைக்காமல் இருக்க முடியாது. ஹனோயைச் சேர்ந்த டோங் நுயென் என்ற இளைஞர் தனியாளாகச் செய்து 2013-இல் வெளியிட்ட கேம் அது. 2014 தொடக்கத்தில் ஆப் பட்டியல்களின் உச்சிக்குப் போனது. விளம்பரத்தில் நாளொன்றுக்கு 50,000 டாலர் வருவதாக அவரே பேட்டியில் சொன்னார். அந்த ஆண்டு பிப்ரவரியில் அவரே அதை நீக்கிவிட்டார். சில நிமிடம் இளைப்பாறுவதற்குச் செய்தது மனிதர்களை அடிமைப்படுத்தும் பொருளாகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் கேமில் ஒளித்துவைத்த கருணை என்று எதுவும் தென்படாது. குழாயில் இடித்தால் செத்தாய், அவ்வளவுதான். அப்படிக் கறாராக இருந்த கேமைச் செய்தவரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. ஆக, பொய் சொல்லாமல் இருப்பது மட்டும் போதாது போலிருக்கிறது. தான் செய்த பொருள் எதிரே இருப்பவரின் நேரத்தை என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்கு என் சோதனையில் பதில் இல்லை. பன்னிரண்டு லெவலோடு கேமை முடித்துக்கொண்டதுதான் என்னால் முடிந்தது. முடிகிற கேமை மூடி வைக்க முடியும்.

நோ-கோட் கருவிகளைப் பற்றிப் பேசும்போது நாம் அவற்றின் எளிமையை மட்டும் பேசுகிறோம். எளிமை இன்னொன்றையும் செய்கிறது, சாக்குகளைப் பிடுங்கிக்கொள்கிறது. தொழிற்சாலையில் ஒரு முடிவு எடுக்கப்பட்டால் அது பத்துக் கைகள் மாறி வருகிறது. 'சிஸ்டம் அப்படித்தான்', 'மேலே சொன்னார்கள்', 'அந்தப் பகுதியை எழுதியது நான் இல்லை' என்று ஆளுக்கொரு மறைவிடம் உண்டு. இரவு பதினொரு மணிக்கு ஒரு பெட்டிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து 0.1 என்றோ 0.02 என்றோ தட்டும்போது அப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை. எப்படிச் செய்வது என்ற கேள்வியை யாரோ தீர்த்துவிட்டார்கள். யாருக்காகச் செய்வது என்பது மட்டும்தான் என் மேசையில் இருக்கிறது. எதையும் தொடாமல் விட்டாலும் தப்பிக்க முடியாது. இயல்பாக நிரப்பி வந்த எண்ணை அப்படியே விடுவதும் என் முடிவுதான். செயற்கை நுண்ணறிவு நமக்காக மேலும் மேலும் எழுதித்தரப்போகும் காலத்தில், நம்மில் பலருக்கு இப்படிப்பட்ட பெட்டிகள்தான் வேலையாக மிஞ்சும் என்று நினைக்கிறேன்.

கேம் இப்போது பிளே ஸ்டோரில் இருக்கிறது. விளம்பரம் இல்லை, வருமானமும் இல்லை. அமைப்புப் பக்கத்தில் மூன்று தேர்வுகள்: இல்லை, 0.1, 0.25. யார் எத்தனை மதிப்பெண் என்று ஒப்பிடும் பட்டியல் மட்டும் சேர்க்கவில்லை. அதற்குக் காரணம் ஒரு சண்டை. குடும்பக் குழுவில் அத்தை பன்னிரண்டு லெவலையும் முடித்த படத்தைப் போட்டதும், அக்கா மகன் குரல் பதிவில் வந்துவிட்டான். "பாட்டி தாண்டினது கணக்கில்ல. அவங்களுக்குக் காத்துல நடக்கவிட்டிருக்கு."

அத்தை பதில் போட்டார். "நீ என் கட்டைவிரல வாங்கிக்கிட்டு ஒரு தடவ தாண்டிக் காட்டுடா."

இரண்டு பேரும் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறார்கள். இன்னும் சொல்லவில்லை.